"நோயாளிக்கு நீ என்ன செய்தாய்?" - அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க மார்க்கு மட்டும் போதாது!

பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கினால் டாக்டருக்குப் படிக்கலாம். இதுதான் நாம் அறிந்தது.

நம் நாட்டில் "நீட்" தேர்வு எழுத வேண்டும். அதில் வாங்கும் மார்க்கைப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள். அந்தப் பையன் அதற்கு முன்பு ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தது உண்டா என்று கேட்பது இல்லை.

அமெரிக்காவில் கேட்கிறார்கள்!

"நீ நோயாளிகளோடு பழகியது உண்டா? அவர்களுக்கு என்ன செய்தாய்? எத்தனை மணி நேரம் செய்தாய்? அதைப் பார்த்தவர் யார்?"

இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை என்றால், முதல் மார்க்கு வாங்கிய மாணவனும் வெளியே நிற்க வேண்டி வரலாம்.

இந்த அனுபவத்துக்கு அங்கே "கிளினிக்கல் அனுபவம்" என்று பெயர்.

நம் ஊரில் தெருவுக்குத் தெரு "கிளினிக்" என்று பலகை தொங்குகிறது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, தெரியுமா? பழைய கிரேக்க மொழியில் "கிளினே" என்றால் கட்டில். கிளினிக்கல் அனுபவம் என்றால், நோயாளியின் கட்டில் ஓரத்தில் நின்று பெற்ற அனுபவம்.

எது அந்த அனுபவம்? எது அல்ல? இதில்தான் ஆண்டுதோறும் பல்லாயிரம் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் மண்டையை உடைத்துக் கொள்கிறார்கள்.

நீண்ட படிப்பு

நம் நாட்டில் பள்ளிப் படிப்பு முடிந்த உடனே மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் அப்படிப் போக முடியாது.

முதலில் 4 ஆண்டு படித்து ஒரு பட்டம் வாங்க வேண்டும். அதன் பிறகு மருத்துவக் கல்லூரியில் 4 ஆண்டு. அது முடிந்ததும் ஆஸ்பத்திரியில் 3 முதல் 7 ஆண்டு வரை பயிற்சி. ஆக, தனியாக நின்று வைத்தியம் பார்ப்பதற்குள் வயது 30-ஐ நெருங்கிவிடும். சிலருக்குத் தாண்டியும் விடும்.

நுழைவுத் தேர்வும் உண்டு. அதற்கு "எம்-காட்" என்று பெயர். ஒரே நாளில் சுமார் ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும். முழு மார்க்கு 528. ஒன்றும் சரியாக எழுதாதவருக்கும் 472 வரும். அந்தத் தேர்வின் கணக்கு அப்படி!

போட்டியும் கடுமை. 2023-ம் ஆண்டில் 52,577 பேர் மனுப் போட்டார்கள். சேர்ந்தவர்கள் 22,981 பேர். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

மனுவில் 15 கட்டங்கள்

பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரே மனுதான். கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். அதை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடத்துகிறது. இந்தச் சங்கம் 1876-ல் தோன்றியது.

மனுவில் மார்க்கு எழுதும் இடம் உண்டு. அதோடு, "நீ செய்த வேலைகள் என்ன?" என்று கேட்கும் இடமும் உண்டு. அதில் 15 வேலைகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகளுக்கு மேல் கூடாது. அவற்றுள் மனதைத் தொட்ட 3 வேலைகளைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் விரித்து எழுதலாம்.

நோயாளிகளுக்குச் செய்த வேலையை எழுதும்போது, அது சம்பளத்துக்குச் செய்ததா, தொண்டாகச் செய்ததா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரு டாக்டரின் பின்னால் நின்று பார்த்தது மட்டும் என்றால், அது வேறு கட்டம்.

அதாவது, பார்த்தது வேறு, செய்தது வேறு!

ஏன் கேட்கிறார்கள்?

"பையன் படித்தால் போதாதா? ஆஸ்பத்திரி வேலையைப் பிறகு கற்றுக் கொள்ள மாட்டானா?" என்று கேட்கத் தோன்றும்.

கற்றுக் கொள்வான். ஊசி போடுவதையும், நாடி பார்ப்பதையும் கல்லூரி சொல்லிக் கொடுத்துவிடும். அதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை.

அவர்கள் கவலை வேறு.

ரத்தத்தைக் கண்டால் இவனுக்கு மயக்கம் வருமா? சீழ் வடியும் புண்ணைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்வானா? வலி தாங்காமல் ஒருவர் திட்டினால், இவனும் திருப்பித் திட்டுவானா? பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால், மறுநாள் வேலைக்கு வருவானா?

இவற்றைப் பரீட்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் டாக்டருக்குப் படிப்பவர்களில் பெரும்பாலோர் கடன் வாங்கிப் படிக்கிறார்கள். படிப்பு முடியும்போது சுமார் 2 லட்சம் டாலர் கடன் தலையில் இருப்பது அங்கே சாதாரணம். பாதியில், "எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை" என்று எழுந்து போனால் என்ன ஆகும்? கடன் நிற்கும். கல்லூரியில் ஓர் இடமும் வீணாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் நோயாளிதான். மனம் ஒட்டாத டாக்டரிடம் அகப்பட்டுக் கொள்வது அவர் அல்லவா?

நோயாளியைப் பார்க்காத டாக்டர்கள்!

ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே மூலைக்கு மூலை மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. பல கல்லூரிகள் வியாபாரத்துக்காக நடந்தவை. பணம் கட்டியவர்களுக்கு இடம் கிடைத்தது. வாத்தியார் மேடையில் நின்று பேசுவார். மாணவர்கள் கேட்டு எழுதிக் கொள்வார்கள். நோயாளியைத் தொடாமலே பட்டம் வாங்கியவர்கள் ஏராளம்!

ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் இதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். அவர் டாக்டர் அல்ல, பள்ளிக்கூட ஆசிரியர். அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்போது இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி விசாரித்தார். 1910-ல் அறிக்கை வெளியிட்டார். பல கல்லூரிகளில் மாணவர்கள் பழக ஒரு நல்ல ஆஸ்பத்திரிகூட இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. பிறகு, பல கல்லூரிகள் இழுத்து மூடப்பட்டன.

அந்த அறிக்கை பாராட்டிய கல்லூரி, பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஆப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி. 1893-ல் தொடங்கியது. அங்கே வில்லியம் ஆஸ்லர் என்ற டாக்டர், மாணவர்களை நோயாளிகளின் கட்டில் ஓரத்துக்கு அழைத்துப் போய்ப் பாடம் நடத்தினார். "மாணவர்களை வார்டுக்குள் அழைத்துப் போனவன்" என்று தம் கல்லறையில் எழுதினால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

சேர்ந்த பிறகு நோயாளியிடம் போக வேண்டும் என்பது அந்தக் காலம். சேருவதற்கு முன்பே போய் வர வேண்டும் என்பது இந்தக் காலம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

நோயாளியைக் கண்ட அனுபவம் ஒருவரை எப்படி மாற்றிவிடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு.

ஐடா ஸ்கடர் ஓர் அமெரிக்கப் பெண். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தகப்பனார் டாக்டர். ஐடா அமெரிக்காவில் படித்தார். அங்கேயே வாழ விரும்பினார். டாக்டராகும் ஆசை அவருக்கு இல்லை.

ஒருமுறை, பெற்றோரைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தார். ஒரு நாள் இரவு, ஒருவர் பின் ஒருவராக 3 பேர் கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. "நீங்கள் வந்து காப்பாற்ற வேண்டும்" என்று கெஞ்சினார்கள்.

"எனக்கு வைத்தியம் தெரியாது. என் தகப்பனார் வருவார்" என்றார், ஐடா.

ஆண் டாக்டர் வருவதை அந்தக் கால வழக்கம் ஒப்புக்கொள்ளவில்லை. மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள்.

மறுநாள் செய்தி வந்தது. 3 பெண்களும் இறந்துபோனார்கள்!

ஐடா அமெரிக்காவுக்குத் திரும்பினார். டாக்டருக்குப் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். மறு ஆண்டே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்று இந்தியா முழுவதும் பெயர் பெற்ற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதில் இருந்து வளர்ந்ததுதான்.

அந்த இரவில் ஐடா யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை. இன்றைய மனுவில் அதை ஒரு மணி நேரமாகக்கூட எழுத முடியாது. ஆனால், "நீ ஏன் டாக்டர் ஆக வேண்டும்?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலைத்தான் இன்றும் தேடுகிறார்கள்.

எது கணக்கில் சேரும்?

அமெரிக்க மாணவர்களிடையே வேடிக்கையான ஒரு பேச்சு உண்டு. "நோயாளியின் வாடை உன் மூக்குக்கு எட்டும் தூரத்தில் நீ நின்றால், அது கிளினிக்கல் அனுபவம்" என்பார்கள். வேடிக்கைதான், ஆனால், விஷயம் அதில் இருக்கிறது.

கணக்கில் சேரும் வேலைகள் சில:

நர்சுக்கு உதவியாள்: நோயாளியைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது, மலசலம் எடுப்பது இவர்கள் வேலை. முதியோர் இல்லங்களில் இந்த வேலைக்கு வர, குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது சட்டம். கௌரவம் பார்ப்பவன் இங்கே நிற்க முடியாது.

ஆம்புலன்சு வேலை: விபத்து, மாரடைப்பு என்று போன் வந்ததும் ஓட வேண்டும். மூச்சு நின்றவருக்கு முதல் உதவி செய்ய வேண்டும். எலும்பு முறிந்த இடத்தில் கட்டை வைத்துக் கட்ட வேண்டும். இதற்கும் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுத வேண்டும்.

ரத்தம் எடுப்பவர்: பரிசோதனைக்காக நோயாளியின் கையில் இருந்து ரத்தம் எடுக்கும் வேலை. அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தத் தெரிய வேண்டும்.

டாக்டரின் எழுத்தர்: டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போது, அருகில் இருந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எழுதுபவர். இவர் நோயாளியைத் தொடுவது இல்லை. ஆகவே, "இது பார்ப்பதா, செய்வதா?" என்று சிலர் வாதம் செய்வது உண்டு. ஆனாலும், பெரும்பாலும் இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

மொழி பெயர்ப்பவர்: ஆங்கிலம் தெரியாத நோயாளிகள் அங்கே ஏராளம். அவர்கள் சொல்வதை டாக்டருக்கும், டாக்டர் சொல்வதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு சொல் தவறினாலும் ஆபத்து. இதற்கும் பயிற்சி உண்டு.

சாகப் போகிறவர்களின் பக்கத்தில்

இன்னொரு தொண்டு உண்டு. இனிப் பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளிகளுக்கு, வலி இல்லாமல் கடைசி நாட்கள் கழிய உதவி செய்வது. இதற்கு "ஆஸ்பிஸ்" என்று பெயர்.

முதியோருக்கான சர்க்கார் வைத்திய நிதியில் பணம் பெறும் ஆஸ்பிஸ்களுக்கு விசித்திரமான ஒரு விதி இருக்கிறது. சம்பள ஊழியர்கள் நோயாளிகளைக் கவனிப்பது 100 மணி நேரம் என்றால், தொண்டர்களின் உழைப்பு குறைந்தது 5 மணி நேரமாவது இருக்க வேண்டும்!

ஆகவே, அங்கே தொண்டர்களுக்கு எப்போதும் தேவை. மாணவர்களும் போகிறார்கள். அவர்கள் மருந்து கொடுப்பது இல்லை. கையைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்து இருப்பார்கள். பழைய கதைகளைக் கேட்பார்கள். செய்தித்தாள் படித்துக் காட்டுவார்கள்.

குணப்படுத்த முடியாத இடத்திலும் ஒருவர் செய்ய வேண்டியது இருக்கிறது என்பதை அந்தக் கட்டில் ஓரத்தில்தான் கற்றுக் கொள்ள முடியும்.

மிட்டாய்க் கோடு போட்ட பெண்கள்

ஆஸ்பத்திரித் தொண்டு அமெரிக்காவில் புதியது அல்ல. 1944-ம் ஆண்டில், நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள கிழக்கு ஆரஞ்சு நகர ஆஸ்பத்திரிக்குப் பள்ளி மாணவிகள் தொண்டு செய்யப் போனார்கள். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணியில் சட்டை தைத்துப் போட்டுக் கொண்டார்கள். பார்ப்பதற்கு மிட்டாய் போல் இருந்தது. "மிட்டாய்க் கோட்டுப் பெண்கள்" என்று பெயர் வந்துவிட்டது!

அந்தப் பெயர் நாடு முழுவதும் பரவியது. நோயாளிக்குத் தண்ணீர் கொடுப்பது, பூச்செண்டு கொண்டு போவது, சக்கர நாற்காலி தள்ளுவது எல்லாம் அவர்கள் வேலை.

எது சேராது?

ஆஸ்பத்திரிக்குள் செய்த வேலை எல்லாம் கணக்கில் சேராது. இங்குதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

இரண்டு மாணவிகள் ஒரே ஆஸ்பத்திரியில் தொண்டு செய்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒருத்தி, கணக்கு அறையில் காகிதங்களை அடுக்குகிறாள். 300 மணி நேரம் அடுக்குகிறாள். நல்ல வேலைதான். ஆனால், ஒரு நோயாளியின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. அவள் காகிதக் கடையில் இருந்தாலும் அதே வேலைதான்.

மற்றொருத்தி, நோயாளியைச் சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிப் போகிறாள். "எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா" என்கிறார், கிழவர். அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகிறாள். அவளுடைய 100 மணி நேரம் கணக்கில் சேரும்.

இருவரும் போட்டிருந்தது ஒரே உடுப்பு. நின்றது ஒரே கட்டடம். கணக்கு மட்டும் வேறு!

ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிக் குழாயோடு செய்யும் வேலைக்குத் தனி மதிப்பு உண்டு. அது ஆராய்ச்சி அனுபவம். கிளினிக்கல் அனுபவம் அல்ல. ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் கடையில் பொம்மை விற்பதும் சேராது. மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை செய்வதும் சேராது. மாடும் நோயாளிதான், ஆனால், மனித நோயாளி அல்லவே!

டாக்டரின் நிழல் போல

ஒரு டாக்டரின் பின்னால் நாள் முழுவதும் போய், அவர் செய்வதைப் பார்ப்பது இன்னொரு வகை. அதை "நிழல் போலத் தொடர்வது" என்கிறார்கள்.

இதுவும் வேண்டும். டாக்டரின் வாழ்க்கை எப்படி என்று தெரிய வேண்டாமா? எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், எவ்வளவு நேரம் காகிதம் எழுதுகிறார், கெட்ட செய்தியை எப்படிச் சொல்கிறார் என்பதை எல்லாம் பார்க்கலாம்.

ஆனால், இது மட்டும் போதாது. கரையில் நின்று பார்த்தால் நீச்சல் வருமா?

தகப்பனார் டாக்டர் என்றால், அவருடைய அறையிலேயே உட்கார்ந்துவிட்டு மணிக்கணக்கு எழுதுகிறவர்களும் உண்டு. அதற்கு அவ்வளவு மதிப்பு கிடைப்பது இல்லை. வேறு டாக்டரிடம் போய் வருவதே நல்லது என்கிறார்கள்.

எத்தனை மணி நேரம்?

எல்லாக் கல்லூரிக்கும் பொதுவாக இத்தனை மணி நேரம் என்று விதி இல்லை. சில கல்லூரிகள் தங்களுக்கு என்று ஓர் அளவு வைத்திருக்கின்றன. சில கல்லூரிகள் எண்ணைச் சொல்வதே இல்லை.

விடுமுறையில் ஒரே மாதத்தில் ஓடி ஓடி முடிப்பதைவிட, வாரம் ஒரு நாள் 2 ஆண்டுகள் போய் வருவதை மேலாக நினைக்கிறார்கள். சலிப்புத் தட்டிய பிறகும் போகிறானா என்பதுதான் கேள்வி.

2020-ல் கொரோனா பரவியபோது ஆஸ்பத்திரிகள் தொண்டர்களை உள்ளே விடவில்லை. மணி நேரம் சேர்க்க முடியாமல் மாணவர்கள் தவித்தார்கள். பல கல்லூரிகள் அந்த ஆண்டுகளில் விட்டுக் கொடுத்தன.

ஏழை வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்?

"வசதி உள்ளவன் சம்பளம் இல்லாமல் தொண்டு செய்வான். வயிற்றுப் பிழைப்புக்கு வேலை செய்து படிக்கும் பிள்ளை என்ன செய்வான்?"

இது நியாயமான கேள்வி. அமெரிக்காவிலும் கேட்கிறார்கள்.

இதற்கு ஒரு பதில் உண்டு. தொண்டாகச் செய்தால்தான் மதிப்பு என்பது இல்லை. நர்சுக்கு உதவியாளாகச் சம்பளத்துக்கு வேலை செய்தாலும் அதே மதிப்புதான். இராத்திரி வேலைக்குப் போய், முதியோரைக் கவனித்து, அந்தச் சம்பளத்தில் படித்தவன் வெட்கப்பட வேண்டியது இல்லை. தலை நிமிர்ந்து எழுதலாம்.

வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயாரைக் கவனித்தால்?

இதில்தான் மனம் கனக்கிறது. சொந்தக்காரர்களுக்குச் செய்யும் பணிவிடையைக் கிளினிக்கல் அனுபவமாகப் பெரும்பாலும் எண்ணுவது இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் எப்படி நடந்து கொள்வான் என்பதே அவர்கள் பார்க்க விரும்புவது.

ஆனால், அந்த உழைப்பைச் சொல்ல வழி இருக்கிறது. "வாழ்க்கையில் நீ தாண்டி வந்த கஷ்டங்கள் உண்டா?" என்று மனுவில் தனியாக ஓர் இடம் இருக்கிறது. தாயாருக்கு மருந்து கொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடியதை அங்கே எழுதலாம். மார்க்கு கொஞ்சம் குறைந்ததற்கும், மணி நேரம் குறைந்ததற்கும் காரணம் புரியும்.

ஆபத்தான ஆசை

மணி நேரம் சேர்க்கும் ஆசை சில சமயம் விபரீதத்தில் முடியும்.

அமெரிக்காவில், பட்டம் இல்லாத மாணவனை நோயாளிக்குத் தையல் போட விட மாட்டார்கள். ஆகவே, சிலர் விடுமுறையில் ஏழை நாடுகளுக்குப் போகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போகும் கம்பெனிகளும் உண்டு. அங்கே பல் பிடுங்குகிறார்கள்; தையல் போடுகிறார்கள்; பிரசவம்கூடப் பார்க்கிறார்கள்!

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று நம் ஊரில் சொல்வார்கள். பேரை அல்ல, வேரை என்பதே சரி என்று சொல்வாரும் உண்டு. ஆனால், படிக்காதவன் கையில் கத்தி கொடுத்தால், முதலில் சொன்னதே நடக்கும்!

மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் இதை எச்சரித்து 2011-ல் அறிவுரை வெளியிட்டது. உன் ஊரில் செய்ய அனுமதி இல்லாததை அயல்நாட்டு ஏழையிடம் செய்யாதே என்பது அதன் சாரம். இப்படிச் செய்ததைப் பெருமையாக மனுவில் எழுதினால், இடம் கிடைப்பதற்குப் பதில் கைவிட்டுப் போகலாம்.

கணக்கில் சேருவது எது என்ற கேள்விக்கு இங்கே கூர்மையான பதில் கிடைக்கிறது. நோயாளிக்கு உதவியாக நின்றதுதான் அனுபவம். நோயாளியை வைத்துத் தான் பழகிக் கொண்டது அனுபவம் அல்ல.

பொய் எழுதினால்?

ஒவ்வொரு வேலைக்கும், அதை அறிந்த ஒருவரின் பெயரை மனுவில் எழுத வேண்டும். கல்லூரி அவரை விசாரிக்கலாம். 50 மணி நேரத்தை 500 என்று எழுதியவன் அங்கே அகப்பட்டுக் கொள்வான்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க 1996-ல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர் நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. ஆகவே, மாணவர்கள் கவனமாக எழுத வேண்டும். "ஒரு கிழவர்", "ஒரு தாயார்" என்று எழுதலாம். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது. டாக்டராகும் முன்பே வாயைக் கட்டக் கற்றுக் கொள்ள வேண்டும்!

நேரில் கேட்கும் கேள்வி

மனு பிடித்திருந்தால் நேரில் பேச அழைக்கிறார்கள்.

"நீ எத்தனை மணி நேரம் வேலை செய்தாய்?" என்று அங்கே கேட்க மாட்டார்கள். அது மனுவிலேயே இருக்கிறது. "உன்னால் மறக்க முடியாத நோயாளி யார்? அவரிடம் என்ன கற்றுக் கொண்டாய்? உன்னால் என்ன செய்ய முடியாமல் போயிற்று?" என்று கேட்பார்கள்.

மணி நேரத்தை மட்டும் எண்ணியவன் விழிப்பான். மனம் வைத்துச் செய்தவன் உடனே பேசத் தொடங்குவான்.

சிலர் அந்த அறை வரைக்கும் வருவதே இல்லை. 6 மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு, "இது எனக்கு ஏற்ற வேலை அல்ல" என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. வேறு படிப்புக்குப் போய்விடுகிறார்கள். பெற்றவர்களுக்கு முதலில் வருத்தமாக இருக்கும். ஆனால், 10 ஆண்டு படித்து, கடனும் வாங்கிய பிறகு தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்!

அதுவும் அந்த அனுபவம் செய்த நன்மைதான். அவர்களுக்கு மட்டும் அல்ல. அவர்களிடம் வந்திருக்க வேண்டிய நோயாளிகளுக்கும்!